மரக்கடை வளைவு

மேடையில் அமர்ந்திருக்கும் வட்டார மன்றத் தலைவர் அவர்களே, பாதைக் குழுவின் செயலாளர் அம்மையார் அவர்களே, அவருக்கு அடுத்த நாற்காலியில் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்திருக்கும் மரக்கடைக்காரர் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணியார் அவர்களே, பால் பண்ணையிலிருந்து சீருடையோடு வந்திருக்கும் லாரி ஓட்டுநர்களே, இடம் போதாமல் வெளியே நடைமேடையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நண்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இது ரயில் வராத ரயில் நிலையம். நாம் கூடியிருப்பது ஒரு காலத்தில் மூட்டைகள் ஏறி இறங்கிய சரக்குக் கொட்டகை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்து, புல் முளைத்து, முள் மண்டி, எல்லோரும் மறந்துபோன பிறகு இந்தக் கொட்டகையின் வாசலிலிருந்து ஏரிக்கரையை நோக்கி ஒரு பாதை புறப்பட்டது. நடப்பவருக்கு ஒரு பாதை. சைக்கிளில் போகிறவருக்கு ஒரு பாதை. குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வரும் பெரியவருக்கும் ஒரு பாதை. எல்லாம் ஒரே பாதை! அது புறப்படக் காரணமாக இருந்த மனிதர் இன்று இல்லை.

பாதைக் குழுத் தலைவர் என்பது அவருடைய பதவி. பால் லாரி ஓட்டுநர் என்பது அவருடைய தொழில். ஆனால் அந்த இரண்டையும் சொல்லி இந்த வட்டாரத்தில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'கிணிகிணி அண்ணன்' என்று கேட்டால் குழந்தைகூட வழி காட்டும். சைக்கிளில் வரும்போது முன்னால் யாராவது நடந்து போனால் தொலைவிலேயே கிணிகிணியென்று மணி அடிப்பார். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்து ஒதுங்கும்வரை வேகத்தைக் கூட்ட மாட்டார். "நடக்குறவங்க ராஜா, சைக்கிள்காரன் சேவகன். சேவகன்தான் சத்தம் கொடுத்துட்டு வரணும்" என்பார். பிற்பகல் வெயில் சாய்ந்ததும் இந்தக் கொட்டகையின் பின்பக்கமாக அந்தச் சத்தம் வரும். இன்று இங்கே வரும்போதும் என் காது அதைத் தேடியது. உங்கள் காது தேடவில்லையா? வெளியே நிற்கிறவர்களே, நீங்கள் எத்தனை பேர் வழியில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்காமல் வந்தீர்கள்?

வட்டாரச் செய்தித்தாளுக்காக மன்றக் கூட்டங்களையும் பாதைக் குழுவின் கூட்டங்களையும் தொடக்கம் முதல் கேட்டு எழுதி வந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். கூட்டிச் சொன்னால் அண்ணனுக்குப் பிடிக்காது. குறைத்துச் சொன்னால் அண்ணியாருக்குப் பிடிக்காது.

பாதைப் பேச்சு எழுந்த முதல் கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மன்றத்தின் கூடத்தில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்து எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கையில் தொப்பி, சட்டையில் பால் வாடை. பழைய ரயில் பாதையை நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்றார்.

அன்றைய மன்றத் தலைவர் கேட்டார்: "நீங்க நடப்போர் சங்கமா?"

"இல்லீங்க."

"சைக்கிள் சங்கமா?"

"இல்லீங்க. நான் லாரி ஓட்டுறவன். என்கிட்டேருந்து இவங்களக் காப்பாத்துங்கன்னு கேக்க வந்திருக்கேன்."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நெடுஞ்சாலையின் ஓரத்தில் தினமும் தான் பார்ப்பவர்களை வரிசையாகச் சொன்னார். விடியும் முன் பண்ணைக்கு நடந்து போகும் பெண்கள். கம்பளி போர்த்திக்கொண்டு சைக்கிளில் போகும் ஆலைத் தொழிலாளர்கள். பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள். "இத்தன வருசத்துல நான் யாரையும் இடிச்சதில்லீங்க. ஆனா இடிச்சிடுவேனோன்னு பயப்படாம ஒரு நாள்கூட ஓட்டினதில்ல. வளைவு வந்தா எனக்கு உயிரே போகும். அந்தப் பக்கம் யார் நடந்து வர்றாங்கன்னு தெரியாது. ஹாரன் அடிச்சிக்கிட்டே திரும்புவேன்."

அன்பர்களே! இப்படி ஒரு மனுவை எந்த மன்றம் கேட்டிருக்கும்? தன்னை ஒருவன் இடித்துவிடுவான் என்று அஞ்சுகிறவர்கள் ஆயிரம் பேர். தான் ஒருவரை இடித்துவிடக் கூடாதே என்று அஞ்சி வேறு வழி கேட்டவர் அவர் ஒருவர்தான்! அந்தக் கூட்டத்தில் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்திலும் கிடைக்கவில்லை. அவர் வந்துகொண்டே இருந்தார். கடைசியில், "இந்த ஆள் வாயை அடைக்கவாவது கொடுத்துத் தொலைப்போம்" என்று ஓர் உறுப்பினர் சொன்னதாகக் கேள்வி. அனுமதி கிடைத்தது, அவரையே தலைவராக்கிப் பாதைக் குழுவும் அமைந்தது. அந்த உறுப்பினர் இப்போது தினமும் பாதையில் நடக்கிறார். இங்கேதான் இருக்கிறார். பெயர் வேண்டாம்.

அண்ணியாரைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. பாதை வேலை தொடங்கிய காலத்தில் அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெளிச்சமும் இருட்டும் மட்டுமே தெரிகிற நிலை. அண்ணன் ஓர் இரட்டைச் சைக்கிளைத் தேடிப் பிடித்து வாங்கினார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் சேர்ந்து மிதிக்கும் அந்த நீளச் சைக்கிள் இதோ, கொட்டகை வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. முன் இருக்கை அவருக்கு. பின் இருக்கை அண்ணியாருக்கு.

திறப்பு விழா அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மோட்டார் சைக்கிள்கள் புகுந்துவிடக் கூடாது என்று பாதையின் வாசலில் இரும்புக் குழாய்களை முன்னும் பின்னுமாக நட்டிருந்தோம். வளைந்து நெளிந்து சைக்கிள் மட்டும் நுழையலாம். அளவு எடுத்தவர் அண்ணன்தான். நாடா வெட்டியாயிற்று, கைதட்டியாயிற்று. அண்ணனும் துணைவியாரும் முதல் சவாரி புறப்பட்டார்கள். முன்சக்கரம் நுழைந்தது. பின்சக்கரம் வரவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் குழாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

பின் இருக்கையிலிருந்து அண்ணியார் குரல்: "என்னங்க, நின்னுட்டோம்? அதுக்குள்ள ஏரி வந்துடுச்சா?"

"இல்லம்மா. நம்ம கம்பியே நம்மளப் புடிச்சிருக்கு."

"அப்ப என்னை விட்டுட்டு உங்க சைக்கிள மட்டும் வச்சு அளந்திருக்கீங்க!"

உண்மை அதுதான். தன்னுடைய பழைய ஒற்றைச் சைக்கிளை வைத்து அளந்திருந்தார். விருந்தினர்கள் வெயிலில் காத்திருக்க, வெல்டிங் பட்டறைக்காரர் ஓடி வந்து ஒரு குழாயை அறுத்தார். அறுத்த அடிக்கட்டை இன்னும் வாசலில் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று செயலாளர் எத்தனையோ முறை சொல்லியும் அண்ணன் விடவில்லை. "கிடக்கட்டும். பாக்குறப்பல்லாம் புத்தி வரும்" என்பார். அன்றிலிருந்து அண்ணியார் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்க்காமல் எந்தப் பகுதியையும் அண்ணன் முடிந்தது என்று சொன்னதில்லை. அவர் போய்வந்து, "இங்க கல்லு பெருசு, பல்லு ஆடுது" என்றால் மறுநாள் அங்கே பொடிக்கல் விழும். "இங்க மரம் வச்சிருக்கீங்களா, வெயில் தெரியலியே" என்று கேட்டால் அண்ணன் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, அதை எந்தப் புகைப்படக்காரரும் எடுத்ததில்லை.

பாதை இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்தது. இங்கிருந்து மரக்கடை வரை ஒரு பகுதி. மரக்கடைக்கு அப்பாலிருந்து ஏரிக்கரை வரை இன்னொரு பகுதி. நடுவில் மரக்கடை. ரயில் போன தடத்தின் மேலேயே, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மரங்களோடு!

மரக்கடைக்காரர் வேறு யாரும் அல்லர். அண்ணியாரின் தம்பி. சொந்த மச்சினன் என்பதால் பேச்சு சுலபமாக முடியும் என்று நாங்கள் நினைத்தோம். சொந்தம் என்பதால்தான் முடியவில்லை! அந்த முதல் பேச்சுவார்த்தை ரம்பம் ஓடுகிற கொட்டகைக்குள் நடந்தது. இருவரும் கத்தித்தான் பேசினார்கள். பிறகு ரம்பத்தை நிறுத்தினார்கள். கத்துவதை நிறுத்தவில்லை.

"வேலி போட்டுத் தர்றேன் மாப்ளே. நடுவுல ஒரு பாதை மட்டும் விடு."

"வேலியா? மாமா, ஒரு மரம் உருண்டா வேலியையும் சேத்து உருட்டிட்டு வரும். உங்க பாதைல வர்ற பிள்ளை மேல என் மரம் விழுந்தா யார் பதில் சொல்றது?"

"அப்ப மரத்த வேற பக்கம் அடுக்கு."

"எந்தப் பக்கம்? அக்கா வீட்டுக் கூடத்துலயா?"

"நக்கல் பண்ணாத."

"நான் நக்கல் பண்ணல. அந்த ஓடைப் பக்கமா சுத்திப் போங்க. அதுவும் என் இடம்தான். சும்மாவே எடுத்துக்குங்க. யாரு வேணாம்னா?"

"சுத்தியா? இங்க ரயில் நேராப் போச்சு. நான் ஏன் வளைக்கணும்? வளைவுல எதிர்ல வர்றவன் தெரியமாட்டான் மாப்ளே. வளைவுக்குப் பயந்துதானே இந்தப் பாதையே கேட்டேன்!"

இந்த இடத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மரக்கடைக்காரர் வழி கொடுக்க மறுத்தார் என்று பலர் இன்றும் பேசுகிறார்கள். அவர் மறுக்கவில்லை. ஓடைப் பக்கத்தை அன்றே கொடுத்தார். வேண்டாம் என்றவர் நம் அண்ணன்தான். ஒருவருக்கு மரம் உருண்டுவிடுமோ என்ற பயம். ஒரு முறை உருண்டு, தன்னிடம் வேலை பார்த்தவரின் கால் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். இன்னொருவருக்கு வளைவில் யாராவது மோதிக்கொள்வார்களோ என்ற பயம். இரண்டு பேரின் பயமும் ஒன்றுதானே? தன்னால் ஒருவருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது! ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இரண்டு நல்ல மனிதர்கள் வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஒருவருக்கு மனைவி, மற்றவருக்கு அக்கா, இருவருக்கும் நடுவில் அண்ணியார் இருந்தார்.

அந்த வருடங்களில் என்ன நடந்தது? இரட்டைச் சைக்கிள் மரக்கடை வேலி வரை வரும். இருவரும் இறங்குவார்கள். அங்கிருந்து நெடுஞ்சாலை ஓரமாக நடக்க வேண்டும். அதே நெடுஞ்சாலை! அண்ணியாரை உள்பக்கம் விட்டு, லாரிகள் உரசிப் போகும் பக்கத்தில் தான் நடந்து, ஒரு கையால் சைக்கிளைத் தள்ளி, மறு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போவார்.

"கொஞ்ச தூரம்தாம்மா."

"நீங்க சொல்ற கொஞ்சம் எனக்குத் தெரியும்."

மரக்கடை தாண்டி மறுபடி ஏறுவார்கள். ஏரிக்கரை போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள். திரும்பும்போதும் இறங்குவார்கள். அவர்கள் ஓரமாக நடந்து போகிற நேரத்தில் மரக்கடையில் ரம்பம் நின்றுவிடும். ஏன் நின்றது, யார் நிறுத்தினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அக்கா கடந்து போகும் சத்தம் தம்பிக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

"ஒரு தடவையாவது இறங்காம ஏரிக்குப் போகணும்ங்க." அண்ணியார் கேட்டது இது ஒன்றுதான். அண்ணனுக்கும் வேறு ஆசை இல்லை. குழுக் கூட்டங்களில் புதுப் பலகை, புது நாற்காலி, புதுப் பாலம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். அவர் கண் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்த வெள்ளை இடத்திலேயே இருக்கும்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முதலில் மேடு ஏறும்போது. அப்புறம் சமதரையில். அப்புறம் கட்டிலில். மருத்துவமனையில் சன்னல் ஓரத்துக் கட்டில் கேட்டு வாங்கினார். அங்கிருந்து பார்த்தால் நெடுஞ்சாலைதான் தெரியும். "லாரி போறதாவது தெரியுது" என்றார்.

ஒரு நாள் நான் பார்க்கப் போனபோது அண்ணியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவருகே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் மரக்கடைக்காரர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். அண்ணியார்தான் பேச்சைத் தொடங்கினார்.

"ஏங்க, தண்ணித்தொட்டிகிட்ட நம்ம பாதை ஒரு இடத்துல திரும்புமே. அங்க வந்தா இன்னொரு தடவை போலாம், இன்னொரு தடவை போலாம்னு உங்களத் திருப்பிக் கூட்டிட்டுப் போவேனே, ஏன்னு தெரியுமா?"

"காத்து நல்லா வரும்னு நெனச்சேன்."

"காத்து எங்கதான் வரல? நேராப் போறப்ப எனக்கு வீட்டு நாற்காலில உக்காந்து காலச் சுத்துற மாதிரி இருக்கும். எங்க போறோம், எவ்ளோ வந்தோம், ஒண்ணும் தெரியாது. அந்த வளைவுல உடம்பு சாயும் பாருங்க, அப்பதான் நாம போறோம்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் அவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே."

"வளைவுல எதிர்ல ஆள் வந்தா?"

"லாரில ஹாரன் அடிச்சிட்டுதானே திரும்புனீங்க? சைக்கிள்ல மணிய எதுக்கு வச்சிருக்கீங்க, அழகுக்கா?"

சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் கதவுப் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே. அந்த ஓடைப் பக்கம் இடம் இன்னும் இருக்கா?"

"எங்க போகும் மாமா? அங்கயேதான் கிடக்கு."

"அப்ப வளைச்சிடு."

அன்பர்களே! வருடக்கணக்கில் தீராதது ஒரே சொல்லில் தீர்ந்தது. மரக்கடைக்காரர் அன்றே போய் ஓடைக்கரையில் முளை அடித்து, கயிறு கட்டினார். அடுக்கிய மரங்களுக்கு வெகுதூரம் தள்ளி, ஓடையை ஒட்டி, ஒரு பெரிய வளைவு. பார்க்க அண்ணன் வர முடியாது. யார் பார்த்து அவருக்குச் சொல்வது? அண்ணியார்தான் போனார். தம்பி கூடவே வர, அந்தக் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, புல்லில் கால் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். நடுவில் ஒரு முறை நின்று திரும்பிப் போய் மறுபடி நடந்தார். பிறகு மருத்துவமனைக்கு வந்தார். செருப்பில் ஓடைச் சேறு அப்படியே இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

கண் தெரிகிறவர், கண் தெரியாதவரிடம் கேட்கிறார்: எப்படி இருக்கு?

"பெருசா இருக்குங்க. அவசரப்படாம, நிதானமாத் திரும்புது. தண்ணிச் சத்தம் முதல்ல இந்தக் காதுல கேக்குது, திரும்பி முடிச்சா அந்தக் காதுல கேக்குது. உங்களுக்குப் பிடிக்காது."

"பிடிச்சிருக்கு" என்றார்.

அந்த வாரமே போய்விட்டார். கயிறு கட்டிய வளைவை அவர் பார்க்கவில்லை. அதில் போகவும் இல்லை. நமக்குப் பாதை கொடுத்தவருக்கு, அவர் ஏங்கிய அந்தச் சின்ன இடத்தைக் கொடுக்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. இதை எந்த வார்த்தையால் ஆற்றுவது? எனக்குத் தெரியவில்லை. செய்தி எழுதிப் பழகிய கைக்கும் தெரியவில்லை.

ஆனால் செய்ய வேண்டியது தெரியும். வளைவுக்கான மண்ணும் கல்லும் மன்றம் தருவதாக அதன் தலைவர் இங்கே வரும் வழியில் சொன்னார். ஓடை கரையை அரிக்கும் இடத்துக்குப் பலகைப் பாலம் மரக்கடையிலிருந்து வருகிறது. நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டுமல்ல, பால் லாரி ஓட்டுநர்களும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். தன்னிடமிருந்து நம்மைக் காப்பாற்றச் சொன்ன மனிதருக்கு, அவருடைய தொழில்காரர்களே சேர்ந்து மீதிப் பாதையைப் போடப் போகிறார்கள். நேர்த்தியாகப் போடுவோம். அவசரமில்லாமல் போடுவோம். அண்ணியார் போய்வந்து சரி என்று சொல்லாமல், முடிந்தது என்று நாமும் சொல்ல மாட்டோம்!

இரட்டைச் சைக்கிளின் முன் இருக்கையில் இனி யார் உட்கார்வது என்று ஒரு பேச்சு எழுந்தது. பலர் முன்வந்தார்கள். மரக்கடைக்காரர்கூட வாய் திறந்தார்.

"உனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாதேடா" என்றார் அக்கா.

"கத்துக்கிறேன்."

"கத்துக்கிற வரைக்கும் பக்கத்துல நடந்து வா. நடக்குறவங்களுக்கும்தான் பாதை போட்டாரு." பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "முன்னாடி யார் வேணா உக்காருங்க. ஆனா வளைவுல மணிய நான்தான் அடிப்பேன்."

நேராகப் போகிற பாதையில் மணி அடிக்காமலே போய்விடலாம். வளைவில் முடியாது. அங்கே வருகிற ஒவ்வொருவரும், அவரை அறிந்தவரும் அறியாதவரும், நாளை பிறக்கப்போகிற பிள்ளையும், மணி அடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். கிணிகிணி அண்ணனுக்கு நாம் சிலை வைக்கப் போவதில்லை. அந்த ஒரு வளைவு போதும்.

இன்று காலை வெல்டிங் பட்டறைக்காரர் அந்த மணியை முன்கைப்பிடியிலிருந்து கழற்றி, பின்கைப்பிடியில் மாட்டிவிட்டார். சைக்கிளை வாசலிலிருந்து அண்ணியார் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள் தம்பிகளே. அப்படித்தான். அவர் கைக்கு எட்டும்படி.

இப்போது எல்லோரும் எழுந்து நின்று நம் அண்ணனை மௌனமாக நினைப்போம். எவ்வளவு நேரம் என்று நான் சொல்லப்போவதில்லை. மௌனம் போதும் என்று அண்ணியார் நினைக்கும்போது, மணி அடிப்பார்.